மலிவான பிறேம் கேட்கும் மீதிச் சாமான்கள்

சைக்கிள் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாரநாட்களில் வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லைக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஞாயிறுகளில் அவிசாவளைப் பக்கம் இறப்பர்த் தோட்டப் பாதைகள். வருடத்தில் இரண்டு மூன்று தடவை மலையகம். என்னிடம் இருப்பது 27.5 அங்குலச் சில்லுள்ள, பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சாதாரண மலைச் சைக்கிள். அதன் சாமான்களைக் கழற்றி ஒரு முழுச் சஸ்பென்ஷன் பிறேமில் பூட்ட யோசிக்கிறேன். எல்லா ஓட்டத்துக்கும் ஒத்துவரும், விலை குறைந்த பிறேம் எது? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: முதலில் ட்ரவல், அதாவது பின்சில்லு மேலும் கீழும் அசையும் தூரம். நீங்கள் எழுதிய பாவனைக்குப் பின்னால் 120 தொடக்கம் 130 மில்லிமீற்றரும் முன் ஃபோர்க்கில் 130 மில்லிமீற்றரும் காணும். 150, 160 என்று போனால் காலி வீதியில் ஒவ்வொரு மிதிக்கும் ஷொக் (பின்பக்க அதிர்வுதாங்கி) தலையாட்டும். எடையும் கூடும். ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியால இறக்கத்துக்காக வாரம் முழுவதும் அதைச் சுமக்க வேண்டும். மறுபக்கம், 100 மில்லிமீற்றர் பிறேம்களில், அதிலும் பழையவற்றில், பெரும்பாலானவை போட்டி ஓட்டத்துக்கு வரைந்தவை. ஃபோர்க்கின் தண்டு ஏறும் முன் தலைக்குழாய் நிமிர்ந்து நிற்கும். இறக்கத்தில் முன்சில்லு ஒரு கானுக்குள் இறங்கினால் ஆளை முன்னுக்குத் தூக்கி எறியும். தலைக்குழாய்ச் சாய்வு 66 முதல் 67.5 பாகை, சீற் குழாய்ச் சாய்வு 74 பாகைக்குக் குறையாமல் இருந்தால் ஏற்றம், இறக்கம், நகரம் மூன்றுக்கும் சமாளிக்கலாம்.

எந்தப் பிராண்ட் என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஒரே கொம்பனியின் ஒரே மொடலில் கூட, ஒரு வருடத்துப் பிறேமின் பின் அச்சு அகலம் அடுத்த வருடத்தில் மாறியிருக்கும். பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடைக்குப் போகும்போது ஒரு வேர்ணியர் கலிப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். உங்கள் சைக்கிளை அளந்து எழுதிய துண்டும் கையில் இருக்கட்டும்.

பின் அச்சு. பிறேமில் சில்லின் அச்சு உட்காரும் இரண்டு பின் கொளுவிகளுக்கும் இடையிலான உள் அகலம் 135, 142, 148 மில்லிமீற்றர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். அரிதாக 157 வரும். உங்களுடையதைப் போன்ற சைக்கிள்களில் பெரும்பாலும் 135, இழுத்துப் பூட்டும் 10 மில்லிமீற்றர் மெல்லிய அச்சு. 142, 148 இரண்டிலும் 12 மில்லிமீற்றர் தடித்த அச்சு ஊடாகப் போகும். சில ஹப்களில் (சில்லின் நடுவிலுள்ள உருளை) இரு முனை மூடிகளையும் மாற்றினால் 135 ஐ 142 ஆக்கலாம், எல்லா ஹப்பிலும் முடியாது. 142 ஹப்பை 148 பிறேமில் போட, பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் வளையமும் டிஸ்க்குக்கு அடியில் ஒரு தட்டும் கொண்ட செற் விற்கிறார்கள். ஆனால் 135 மெல்லிய அச்சு ஹப்பை 148 பிறேமுக்குள் ஏற்ற ஒழுங்கான வழியில்லை. புதுப் பின்சில்லு வாங்கத்தான் வேண்டும். பிறேமில் மிச்சம்பிடித்த காசு முதலில் போவது இங்கே.

தலைக்குழாய். உங்கள் ஃபோர்க்கின் தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே தடிப்பாக 1⅛ அங்குலமா, அல்லது கீழே 1.5 அங்குலமாக விரிகிறதா என்று பாருங்கள். நேர்த்தண்டு ஃபோர்க்கை விரிந்த தலைக்குழாயில் போடலாம். கீழ்ப்பக்கப் பெயாரிங் கிண்ணத்தையோ அதன் வளையத்தையோ மாற்றினால் சரி. மறுபக்கம் நடக்காது: உள்விட்டம் 34 மில்லிமீற்றர் உள்ள பழைய நேர்த் தலைக்குழாய்க்குள் விரிந்த தண்டு இறங்கவே இறங்காது. அப்படிப்பட்ட பிறேமுக்கு நல்ல ஃபோர்க் தேடுவது வரவரக் கடினம். 44 மில்லிமீற்றர் நேர்க்குழாய் என்றால் பயப்பட வேண்டாம், அதற்கு வெளிக்கிண்ணம் போட்டு விரிந்த தண்டையும் ஏற்றலாம்.

உங்களிடம் உள்ள 100 மில்லிமீற்றர் ஃபோர்க்கையே கொஞ்ச நாளைக்குப் போட்டு ஓடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓடலாம். 130 ஃபோர்க்குக்கு வரைந்த பிறேமில் அதைப் போட்டால் முன்பக்கம் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் தாழும். ஃபோர்க் நீளம் 20 மில்லிமீற்றர் குறைய, சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை நிமிரும். எனவே ஒன்றரைப் பாகை நிமிர்ந்துவிடும், பெடலும் நிலத்துக்குக் கிட்ட வரும். வேலைக்குப் போய்வரலாம். தோட்டத்துக் கல்லு ரோட்டில் பெடல் கல்லில் தட்டும்.

பி.பி. ஓடு, அதாவது பெடல் கிராங்கின் அச்சு சுற்றும் குழாய். மரை வெட்டிய பி.எஸ்.ஏ. ஓடு (அகலம் 73 மில்லிமீற்றர்) கிடைத்தால் அதையே எடுங்கள். இந்த ஊரில் எந்தச் சைக்கிள் கடையிலும் அதற்குச் சாமான் இருக்கும், கழற்றிப் பூட்டச் சாவியும் இருக்கும். அழுத்திச் செருகும் ஓடு என்றால் உங்கள் பழைய சதுரமுனைக் கிராங் அப்படியே ஏறாது. மழைத் தண்ணீர் போய்க் கிரீச்சிடும் தொல்லையும் சேர்ந்து வரும்.

சீற் குழாய். 27.2, 30.9, 31.6 மூன்றும் அதிகம் காண்பவை. சிறிய கம்பத்தைப் பெரிய குழாயில் தகடு சுற்றிப் போடலாம், பெரியதைச் சிறியதில் போட முடியாது. பின்னாளில் விசையால் ஏறி இறங்கும் சீற் கம்பம் போடும் எண்ணம் இருந்தால் 30.9 அல்லது 31.6, கேபிள் உள்ளே போக ஒரு துளையோடு தேடுங்கள்.

ஹாண்டில், ஸ்டெம், பிறேக் லீவர், கியர் லீவர், பின் டிரெய்லர் (செயினைப் பல்லுச்சக்கரம் மாற்றும் கருவி), பல்லுச்சக்கரம், பெடல், சீற் எல்லாம் தாராளமாக மாறும். பின் பிறேக் குழாய் மட்டும் நீளம் காணாமல் போகலாம், முழுச் சஸ்பென்ஷன் பிறேமில் அது வளைந்து வளைந்து போக வேண்டும். முன்பக்கம் மூன்று பல்லுச்சக்கரம் இருந்தால் அதைக் கைவிட்டு 32 பல்லு ஒன்றோடு நிற்கலாம். புதுப் பிறேம்கள் பலவற்றில் முன் டிரெய்லர் பூட்ட இடமே இல்லை.

இனி ஷொக். மலிவு பிறேமில் ஆட்களை விழுத்துவது இதுதான். “ஷொக் இல்லாமல்” என்று விற்கும் பிறேமைப் பார்த்ததும் விலை இனிக்கும். ஷொக்குக்கு இரண்டு அளவு உண்டு: இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு நீளம் ஒன்று, உள்ளே அமுங்கும் தூரமான ஸ்ட்ரோக் மற்றொன்று. 2016க்கு முன் எல்லாம் அங்குலக் கணக்கில் செய்தவை, மில்லிமீற்றரில் 165×38, 190×50, 200×57, 216×63 என்று எழுதுவார்கள். அதன் பின் மெற்றிக் அளவுகள் வந்தன: 190×45, 210×50, 210×55, 230×65. ஒரு பக்கம் துளையில்லாமல் உடம்பின் இருபுறமும் போல்ட் ஏறும் வகை தனி. அது 165×45, 185×55, 205×60 என்று வரும், மற்றதோடு மாற்ற முடியாது.

190×50 உம் 190×45 உம் ஒரே நீளம் என்பதைக் கவனியுங்கள். போல்ட் சுகமாக ஏறும், கடைக்காரரும் “சரியாயிருக்கு” என்பார். சில்லின் ட்ரவலை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் வருவது நெம்பு விகிதம். 45 ஸ்ட்ரோக்கில் 117 மில்லிமீற்றர் அசையும் பிறேமில் அது 2.6. அதே பிறேமில் 50 ஸ்ட்ரோக் போட்டால் சில்லு 13 மில்லிமீற்றர் கூடுதலாக மேலேறும். பெரிய குழியில் விழும் அன்று ரயர் சீற் குழாயில் உரசும், அல்லது இணைப்புத் தண்டு பிறேமில் இடித்து வெடிப்பு விழும். ஷொக்கின் காற்று முழுவதையும் இறக்கிவிட்டுச் சில்லைக் கையால் கடைசிவரை தூக்கிப் பாருங்கள். ரயருக்கும் பிறேமுக்கும் இடையில் விரல் தடிப்பாவது இடைவெளி மிஞ்ச வேண்டும்.

விகிதம் 2.3 முதல் 2.8 வரை உள்ள பிறேம் ஷொக்குக்கு இரக்கம் காட்டும். 3 ஐத் தாண்டினால் பாரமானவர்களுக்கு மிக அதிகக் காற்று அடிக்க வேண்டிவரும், சீல்கள் கெதியில் போகும்.

பின்சில்லைத் தாங்கி அசையும் பகுதிக்கு எந்த அமைப்பு? ஒரே மூட்டு, நாலு தண்டு, இரட்டை இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பக்தர்கள் இருக்கிறார்கள். குறைந்த செலவு, உப்புக்காற்று, வருடத்தில் பாதி மழை என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் வாக்கு ஒரே மூட்டுப் பிறேமுக்கே. பிரதான மூட்டில் இரண்டு பெயாரிங், அவ்வளவுதான். இறக்கத்தில் பின் பிறேக்கைப் பிடித்தால் பின்பக்கம் கொஞ்சம் விறைக்கும். அது உண்மைதான், பழகிவிடும். நாலு தண்டு அமைப்பில் அந்தக் குறை குறைவு, ஆனால் எட்டு, பத்து, சிலவற்றில் அதற்கு மேலும் பெயாரிங்.

செலவை இப்படிப் பிரித்து வையுங்கள்: கையில் 100 ரூபாய் என்றால் பிறேமும் ஷொக்கும் 35, ஃபோர்க் 25, பின்சில்லு 15, ஹெட் செற் (தலைக்குழாய்ப் பெயாரிங்), பி.பி., சீற் கம்பம், கேபிள் எல்லாம் சேர்த்து 15. மிச்சம் 10 ஐத் தொடாதீர்கள், முதல் மாதத்தில் தேவைப்படும். பிறேமிலேயே 60 போய்விட்டால் மீதிச் சாமான்கள் அதற்கு ஈடுகொடுக்காது.

கேள்வி: பழைய பிறேம் ஒன்று கைக்கு வருகிறது. விற்பவர் “ஒரு குறையுமில்லை” என்கிறார். பார்க்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்? (தெஹிவளை வாசகர்)

பதில்: 5 மில்லிமீற்றர், 6 மில்லிமீற்றர் அலன் கீ, ஒரு டோர்ச், ஒரு வெள்ளைத் துணி. இருபது நிமிடம் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

ஷொக்கின் பின் போல்ட்டைக் கழற்றுங்கள். ஒருவர் பிறேமை நிமிர்த்திப் பிடிக்க, மற்றவர் பின்சில்லைத் தாங்கும் பின் முக்கோணத்தை மேலே தூக்கிக் கையை விடட்டும். தன் பாரத்திலேயே மெதுவாய், தடையில்லாமல் இறங்கினால் பெயாரிங் உயிரோடு இருக்கிறது. நடுவழியில் நின்றால் துருப்பிடித்து இறுகிவிட்டது. மணல் அரைவதுபோல் விரலில் தெரிந்தால் போகும் வழியில் இருக்கிறது. பிறகு பின் கொளுவியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மற்றக் கையின் விரலை மூட்டும் பிறேமும் சந்திக்கும் கோட்டில் வைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரல் நுனியில் “டிக்” என்று படும்.

போல்ட்டைத் திரும்பப் பூட்டிச் சீற்றைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். சில்லு நிலத்தைவிட்டு எழும்ப முன் ஒரு சின்னத் தட்டல் வந்தால் ஷொக்கின் போல்ட் துளைக்குள் இருக்கும் புஷ் (சின்ன உள்வளையம்) தேய்ந்திருக்கிறது. அது மலிவான சாமான், விலை குறைக்கக் கேட்க நல்ல காரணம். பெயாரிங் ஆட்டத்தையும் புஷ் ஆட்டத்தையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டாம்.

வெடிப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்: தலைக்குழாய்க்குக் கீழே கீழ்க்குழாயின் அடிப்பக்கம், சீற் குழாயும் மேற்குழாயும் சேரும் ஒட்டு, ஷொக் பூட்டும் தாங்கி, பிரதான மூட்டைச் சுற்றி, பி.பி.க்குப் பின்னால் செயின் பக்கத் தண்டு பிரியும் கவை. டோர்ச்சைச் சரிவாகப் பிடியுங்கள், நேரே அடித்தால் எதுவும் தெரியாது. துணியால் துடைக்கும்போது நூல் சிக்கினால் நின்று பாருங்கள். பெயின்ற் கீறல் கோணல்மாணலாகப் போகும். வெடிப்பு பெரும்பாலும் ஒட்டின் ஓரத்தோடு ஒட்டியே, மயிரிழை போல் போகும். புதிதாய் ஸ்ரிக்கர் ஒட்டிய பிறேமில் அந்த ஸ்ரிக்கருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஷொக்கின் மினுக்கான உள்தண்டில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடக்கினால் அந்தக் கீறல் சீலைத் தின்னும். அமுக்கி விடும்போது “சளக் சளக்” என்றால் எண்ணெய்க்குள் காற்றுக் கலந்துவிட்டது, முழுச் சேர்விஸ் தேவை. சீற் கம்பம் வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். கடலோர வீடுகளில் நின்ற சைக்கிள்களில் அது குழாயோடு பற்றிப்பிடித்திருக்கும். வாங்கிய பில்லையும் கேளுங்கள். இல்லையென்றால் பிறேம் இலக்கத்தை எழுதி, விற்பவரின் கையெழுத்தோடு ஒரு துண்டாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரட்டை ஷொக் போட்ட மலிவு சைக்கிள் ஒன்று வாங்கினேன். அதற்கு நல்ல ஷொக்கும் ஃபோர்க்கும் போட்டால் மலைக்குக் கொண்டுபோகலாமா? (மருதானை வாசகர்)

பதில்: வேண்டாம். அந்த ஷொக்கில் இருப்பது வெறும் ஸ்பிரிங். துள்ளலை அடக்கும் எண்ணெய் உள்ளே கிடையாது. மூட்டில் பெயாரிங்குக்குப் பதில் பிளாஸ்ரிக் புஷ். ஸ்பிரிங்கில் 650 என்று பொறித்திருந்தால் ஓர் அங்குலம் அமுக்க 650 இறாத்தல் பாரம் வேண்டும் என்று அர்த்தம். மெலிந்தவர் ஏறினால் அது பெரிதாக அமுங்காது. தார் வீதிக்கு மட்டும் என்று எச்சரிக்கை ஒட்டியிருக்கிறதா என்று பிறேமின் அடியிலும் பாருங்கள். ஊருக்குள் ஓடுங்கள், காசை அதில் போடாதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடம் பாவித்த நாலு தண்டுப் பிறேம். ஏற்றத்தில் கிரீச், பின்பக்கம் ஆட்டம். வெளிநாட்டிலிருந்து பெயாரிங் செற் எடுக்க விலை அதிகம். பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிப் போடலாமா? (கல்கிசை வாசகர்)

பதில்: போடலாம். மலைச் சைக்கிள் மூட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் உலகம் முழுக்க ஒரே அளவில் வரும் பெயாரிங்குகள்தான். சீலின் மேல் இலக்கம் பொறித்திருக்கும். அது அழிந்திருந்தால் அளந்து பாருங்கள்: 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிப்பு 7 மில்லிமீற்றர். 6900 என்றால் 10, 22, 6. 6800 என்றால் 10, 19, 5. 608 என்றால் 8, 22, 7, ஸ்கேற்றிங் சில்லுகளில் இருக்கும் அதே பெயாரிங். இலக்கத்துக்குப் பின்னால் “2ஆர்எஸ்” இருக்க வேண்டும், இருபக்கமும் இறப்பர் சீல் என்று பொருள். “இசட் இசட்” என்றால் தகர மூடி, தண்ணீர் உள்ளே போகும். உங்கள் பழைய பெயாரிங்கில் கூடு இல்லாமல் குண்டுகள் நெருக்கமாக நிறைந்திருந்தால் அது பாரம் தாங்கவென்றே செய்த வகை. சாதாரணமானதும் பொருந்தும், ஆயுள் குறையும்.

ஏன் இவை இவ்வளவு கெதியில் போகின்றன? சில்லின் பெயாரிங் சுற்றிக்கொண்டே இருப்பதால் கிரீஸ் பரவும். மூட்டுப் பெயாரிங் சில பாகை முன்னும் பின்னும் அசைவதோடு சரி. ஒரே குண்டு ஒரே இடத்தில் இடித்து இடித்துப் பள்ளம் போடும். கிரீஸ் ஒதுங்கிய இடத்தில் தண்ணீர் குந்திவிடும். அதிலும் கல்கிசைக் காற்று. அதனால் புதுப் பெயாரிங்கைப் போட முன் மெல்லிய பிளேட்டால் சீலின் ஒரு ஓரத்தைக் கிளப்பி, தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். வேகமாகச் சுழலாத இடம் என்பதால் நிறையக் கிரீஸ் கெடுதல் செய்யாது.

கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் வந்த வரிசையில் அட்டையில் குத்தி, இடது வலது எழுதி வையுங்கள். போட்டோவும் எடுங்கள். அடித்துச் செருக வேண்டாம், சுத்தியல் படும் பெயாரிங் அன்றைக்கே அரைவாசி செத்துவிடும். 8 மில்லிமீற்றர் மரைக்கம்பி 20 சென்ரிமீற்றர், இரண்டு நட், சில வாஷர், இரண்டு சொக்கட் காணும். 6902 க்கு வெளிவிட்டம் 27 மில்லிமீற்றர் அளவான சொக்கட்டை எடுத்தால் அது பெயாரிங்கின் வெளிவளையத்தில் மட்டும் தாங்கும், துளைக்குள்ளும் இறங்கும். உள்வளையத்தில் தாங்கி அழுத்தினால் பாரம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும். முதல் அரைச் சுற்றில் பெயாரிங் நேராக நிற்கிறதா என்று கண்மட்டத்தில் பாருங்கள். சரிந்தால் நிறுத்தி, வெளியே எடுத்து, திரும்பத் தொடங்குங்கள். துளையைத் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசியிருந்தால் கை நெட்டிலேயே போகும். பெயாரிங் துளைக்குள் தானாகவே விழுகிறதென்றால் துளை பெருத்துவிட்டது. அதற்குப் பச்சை நிற ஒட்டுத்திரவம் ஒரு வைத்தியம், நிரந்தரமல்ல.

போல்ட்டுக்கு நீல நிற மரைப்பசை ஒரு துளி. எவ்வளவு இறுக்குவது என்பது பெரும்பாலும் போல்ட் தலையிலேயே நியூட்டன் மீற்றரில் பொறித்திருக்கும். அந்த எண்ணுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குங்கள். இரண்டு ஓட்டத்துக்குப் பிறகு ஒருதரம் சரிபாருங்கள். கழுவும்போது வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும். வாகனம் கழுவும் இடத்து அழுத்தக் குழாயை மூட்டுக்கு நேரே பிடித்தால் இவ்வளவு வேலையும் வீண்.

கிரீச் மட்டும் பெயாரிங் மாற்றியும் போகவில்லையென்றால் சீற் கம்பத்தைக் கழற்றிக் கிரீஸ் போட்டுப் பாருங்கள். பாதிக் கிரீச்சுக்குக் குற்றவாளி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: அலுமினியப் பிறேமில் பின் தண்டு வெடித்துவிட்டது. வெல்டிங் கடையில் ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். (வத்தளை வாசகர்)

பதில்: ஒட்டு பிடிக்கும், பலம் பிடிக்காது. சைக்கிளுக்கு அதிகம் பாவிக்கும் 6061 அலுமினியம் தன் பலத்தைச் சூட்டுப் பதத்தால் பெறுகிறது. ஒட்டும் சூட்டில் அந்த இடத்தைச் சுற்றிப் பதம் போய் மெத்தென்றாகிவிடும். திரும்பப் பதமேற்ற முழுத் துண்டையும் 500 பாகைக்கு மேல் சூடாக்கி, சடுதியாகக் குளிரவைத்து, பிறகு மணிக்கணக்காகச் சூளையில் வைக்க வேண்டும். வீதியோரக் கடையில் நடக்கிற காரியமல்ல. சில மாதத்தில் ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வெடிப்பு வரும். அதுவும் இறக்கத்தில்தான் வரும். பின் முக்கோணம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று தேடுங்கள், பழைய பிறேம் விற்பவர்களிடம் கேட்டால் சில வேளை அகப்படும். இரும்புப் பிறேம் என்றால் கதை வேறு, அதை ஒட்டலாம்.

கேள்வி: 26 அங்குலச் சில்லுக்கான நல்ல பழைய பிறேம் மலிவாக வருகிறது. அதில் 27.5 சில்லு போடலாமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: டிஸ்க் பிறேக் இருந்தால் யோசிக்கலாம். 26 இன் ரிம் விட்டம் 559 மில்லிமீற்றர், 27.5 இனது 584. ஆரத்தில் 12.5 மில்லிமீற்றர்தான் கூடுதல். ஆனால் அந்தப் 12.5 பின் முக்கோணத்தின் பாலத்தட்டிலும், ஷொக் முழுக்க அமுங்கும்போது சீற் குழாயிலும் போய் முட்டும். 2.1 அங்குல ஒடுங்கிய ரயர் போட்டு, முன்பு சொன்னபடி காற்றை இறக்கிச் சில்லைத் தூக்கிப் பாருங்கள். சேறு ஒட்டிய ரயருக்குப் பக்கத்துக்கு 6 மில்லிமீற்றர் இடமாவது வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் 26 ஆகவே ஓடுங்கள். கொழும்பில் 26 ரயர், ரியூப் இன்னும் தாராளம். அந்த வகையில் பார்த்தால் மலிவுப் பட்டியலில் 26 பிறேமைத் தள்ளிவைக்க அவசியமில்லை. தலைக்குழாய் நேரா விரிந்ததா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

கேள்வி: பெயர் தெரியாத காபன் பிறேம் இணையத்தில் அலுமினியத்தை விடக் கொஞ்சம்தான் அதிக விலை. நம்பலாமா? (நுகேகொடை வாசகர்)

பதில்: பெயரில்லாதது எல்லாம் குப்பையல்ல, ஆனால் பெயரில்லாத இடத்தில் கேள்வி நீங்கள்தான் கேட்க வேண்டும். சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 4210 இன்படி சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். அதில் அந்தப் பிறேமின் மொடல் இலக்கம் இருக்க வேண்டும், வேறொன்றினுடையது கூடாது. பாவனை வகை 3 என்று குறித்திருந்தால் கரடுமுரடான பாதையும் 61 சென்ரிமீற்றர் வரையான குதிப்பும். வகை 4 என்றால் 122 வரை. உங்களுக்கு 3 போதும். அளவுப்படம், பெயாரிங் இலக்கங்கள், ஷொக்கின் இரண்டு அளவு, ஷொக் போல்ட்டின் அகலம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். டிரெய்லர் தொங்கும் சின்னத் துண்டு, கடையில் ஹாங்கர் என்பார்கள், அதில் மூன்றையாவது கூடவே அனுப்பச் சொல்லுங்கள். கல்லில் பட்டு முதலில் வளைவது அதுதான். ஆறு மாதம் கழித்து அந்த மொடலே இல்லாமல் போயிருக்கும். சுங்கத் தீர்வையும் அனுப்பும் செலவும் சேர்ந்தால் என்ன வரும் என்று ஓடர் பண்ண முதல் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி இரண்டும் ஏறக்குறைய ஒரே விலையென்றால் அலுமினியமே எடுங்கள். அடிபட்டால் அது பள்ளம் விழுந்து காட்டிக்கொடுக்கும், காபன் உள்ளே பிரிந்தும் வெளியே சிரித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: மகளின் உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 48 கிலோ. நண்பிகளோடு ஹந்தானைக்குப் போய் பெக்கோ ட்ரெய்லில் ஓட ஆசைப்படுகிறாள். பிறேம் அளவும் ஷொக் காற்றும் எப்படி? (பம்பலப்பிட்டித் தாய்)

பதில்: கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கும் அந்தப் பாதை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்து வண்டிப்பாதை, கல்லும் கானும் நிறைய. முதல் முறை ஒரு கட்டம் போதும்.

பிறேமில் “ஸ்மோல்” என்ற எழுத்தைப் பாராமல் ரீச்சைப் பாருங்கள். பி.பி. நடுவிலிருந்து தலைக்குழாயின் மேல்முனை வரை கிடையாக அளக்கும் தூரம் அது. மகளுக்கு 400 முதல் 420 மில்லிமீற்றர். பிறேமின் மேல் கால்விரித்து நிலத்தில் நிற்கும்போது மேற்குழாய்க்கு மேல் 3 சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். சில்லு 27.5 ஆகட்டும். 29 போட்டால் இந்த உயரத்துக்குச் செங்குத்து இறக்கத்தில் பின்ரயர் உடம்பில் உரசும்.

காற்றுக்குத் தொடக்கம் எளிது: உடல் எடை இறாத்தலில் எவ்வளவோ அவ்வளவு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு). 48 கிலோ என்றால் 106 இறாத்தல், ஆகவே 105 இல் தொடங்குங்கள். முதுகுப்பை, தண்ணீர், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி உட்காரட்டும். ஒருவர் சைக்கிளைப் பிடிக்க, மற்றவர் ஷொக் தண்டிலுள்ள இறப்பர் வளையத்தைச் சீல் வரை தள்ளிவிடட்டும். மகள் துள்ளாமல் மெதுவாக இறங்கியதும் வளையம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். ஸ்ட்ரோக்கில் 25 முதல் 30 வீதம் சரி. 50 ஸ்ட்ரோக் ஷொக்கில் அது 12.5 முதல் 15 மில்லிமீற்றர். குறைவாக நகர்ந்தால் 5 பி.எஸ்.ஐ. இறக்குங்கள், கூடினால் ஏற்றுங்கள். சைக்கிள் காற்றுப்பம்பி இதற்கு உதவாது, ஷொக்குக்கென்று உள்ள சின்னப் பம்பி வேண்டும். அதைக் கழற்றும்போது வரும் “புஸ்” சத்தம் பம்பிக் குழாயிலுள்ள காற்று, ஷொக்கினுடையதல்ல. அதற்காகத் திரும்பத் திரும்ப அடித்துக் கூட்டிவிட வேண்டாம்.

மெலிந்தவர்களுக்குக் காற்றுக் குறைவு என்பதால் ஷொக் திரும்பி வருவதும் மந்தமாக இருக்கும். திரும்பும் வேகத்தை மாற்றும் சிவப்புத் திருகை வேகப் பக்கமாகக் கடைசிவரை திறந்து, அங்கிருந்து இரண்டு கிளிக் மட்டும் மூடிவிட்டு அனுப்புங்கள்.